பத்திலிருந்து பதினாறு வரை எங்கே இருந்தாய்?

எங்கள் அண்ணன் குதித்தால் பூமி கொஞ்சம் கீழே இறங்கும். ஒருமுறை பந்தைப் பிடிக்க மேலே போனவன் திரும்பி வருவதற்குள் எதிரணி சாப்பாட்டை முடித்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டது. மைதானத்துக்கு மேலே பறக்கிற பருந்துகள் அவனைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும். விமானங்கள் அவன் ஆடுகிற நாளில் சுற்றிக்கொண்டு போகும். இதில் பாதியை நீங்கள் கழித்துக்கொள்ளலாம், மறுபாதியை நானே கழித்துவிடுகிறேன். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: லிஃப்ட் ரிப்பேர் செய்கிற, ஆறடிக்கு இரண்டு விரல் குறைவான, வயிற்றெரிச்சல் பிடித்த ஒரு அண்ணன்.

வேலையைச் சொல்கிறேன். கட்டடம் கட்டடமாகப் போவான். மொட்டை மாடி மோட்டார் அறையில் பிரேக்கைப் பார்ப்பான். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவுவான். அடியில் உள்ள குழிக்குள் இறங்கி, ஜனங்கள் இடுக்கில் தவறவிட்ட சாவி, சீப்பு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவான். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, மொத்தம் நாலு கயிறு இருக்கு, மூணு அறுந்தாலும் ஒண்ணு தாங்கும்" என்று தைரியம் சொல்வான். அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் பயப்படவே ஆரம்பிப்பார்கள்.

சாயங்காலம் ஆனால் பந்து. ஆஸ்திரேலியக் கால்பந்து. பந்தும் முட்டை, மைதானமும் முட்டை, ஆடுகிறவர்களுக்குப் பரீட்சையில் கிடைத்ததும் முட்டை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஒருத்தன் உதைத்து வருகிற பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் எல்லாரும் விலகி நிற்க வேண்டும், பிடித்தவன் நிதானமாகக் குறி பார்த்து உதைக்கலாம். அதைப் பிடிப்பதற்காக முன்னால் நிற்பவன் முதுகில் முழங்காலை வைத்து ஏறினாலும் குற்றமில்லை. மற்ற இடத்தில் போலீஸ் கேஸ் ஆகிற காரியம் இங்கே கைதட்டல்.

மீன் பதப்படுத்தும் ஆலைக்குக் குளிர்சாதன இயந்திரம் மாட்ட வந்த ஓர் ஆஸ்திரேலிய இன்ஜினியர் இந்த விளையாட்டை இங்கே கொண்டுவந்தார். இயந்திரம் கெட்டுப்போய்விட்டது, விளையாட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது. நாடு முழுக்க இதை ஆடுகிறவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் நாலைந்து பேர் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால் எங்கள் ஊர் அணிதான் நாட்டு அணி. பேக்கரி வைத்திருக்கும் மாஸ்டர்தான் பயிற்சியாளர், சங்கத் தலைவர், சங்கச் செயலாளர். சங்க அலுவலகம் அவருடைய அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. அங்கே கூட்டம் என்றால் எல்லாரும் பன் மாதிரி வெந்துதான் இறங்குவார்கள்.

பல நாட்டு அணிகள் ஆடும் போட்டிக்கு, விளையாட்டு பிறந்த ஊருக்கே வரச் சொல்லி மாஸ்டருக்கு அழைப்பு வந்திருந்தது. அதில் கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் நிற்கிற இடம் அண்ணனுக்கு என்று ஊரறிய முடிவாகியிருந்தது. அந்த இடத்தில் நிற்கிறவன்தான் பந்தைப் பிடித்து, அவனே உதைத்து, ஆறு புள்ளி வாங்குவான். அண்ணன் அந்த இடத்துக்காகத்தான் சாப்பிட்டான், தூங்கினான், இருந்த ஒரு பெண் பார்க்கும் பேச்சையும் தள்ளிப்போட்டான்.

அப்போதுதான் மாமா மகன் வந்து இறங்கினான். அம்மாவுடைய அண்ணன் பிள்ளை. அண்ணன் வயதுதான். பெயரெல்லாம் யாருக்கு வேண்டும், மைதானத்தில் கால் வைத்த அன்றைக்கே 'ஃபாரின்' என்று வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் குழந்தையில்லாத ஒரு சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தவன். அங்கே வேலை சரிப்படவில்லை என்று திரும்பியிருந்தான்.

அவன் உதைத்த முதல் உதையை நான் பார்த்தேன். கம்பங்களுக்குப் பின்னால் நின்று கொடி ஆட்டுகிற வேலை என்னுடையது. நடுக் கம்பங்களுக்கு இடையில் போனால் இரண்டு கொடி, ஆறு புள்ளி; ஓரத்தில் போனால் ஒரு கொடி, ஒரே புள்ளி. பத்தாம் வகுப்பில் நானும் கணக்கும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம் என்றாலும் இரண்டு வரை எனக்கு எண்ணத் தெரியும் என்று மாஸ்டர் நம்பினார். ஃபாரின் பந்தைக் கையிலிருந்து நழுவ விட்டான், கால் வந்து சும்மா தொட்டது மாதிரி இருந்தது. பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே, கோடு போட்ட மாதிரி என் தலைக்கு மேலே போனது. இரண்டு கொடி. மறுபடி இரண்டு கொடி. அன்று சாயங்காலம் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அண்ணனுக்காக ஒரு மாதம் ஆட்டுகிற கொடியை இவனுக்காக ஒரே நாளில் ஆட்டினேன்.

அண்ணனைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே புகைச்சல். ஃபாரின் ஷூவின் அடியில் உள்ள குமிழ்களைத் தனியாகக் கழற்றி மாட்டலாமாம். ஃபாரின் தண்ணீர் குடிக்கும்போதுகூட பந்தை விரலில் சுற்றுகிறானாம். ஃபாரின் தலைமுடி வேர்த்தாலும் கலையாதாம். அண்ணன் இதையெல்லாம் திட்டுகிற தொனியில்தான் சொன்னான், ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. காதலிக்கிறவர்கள்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க மாட்டார்கள். மொட்டை மாடிச் சுவரில் சாக்கட்டியால் நான்கு கம்பம் வரைந்து அவன் உதையைப் பழகிப் பார்த்தான். பந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. எனக்கு இதில் ஒன்றும் இல்லை, நான் சும்மா எட்டிப் பிடித்துக் கொடுக்கப் போனவள்.

அம்மா வேறு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள். "எங்கண்ணன் புள்ளையப் பாரு, எப்படி மரியாதையாப் பேசறான்! உன்ன மாதிரி உடம்பெல்லாம் கிரீஸோட வந்து தலகாணில சாயறதில்ல."

"அவன் சாஞ்ச தலகாணிய நீ பாத்தியாம்மா?" என்றான் அண்ணன்.

தேர்வுக் கூட்டம் அடுப்புக்கு மேலே நடந்தது. பிள்ளைகளுக்குக் கேக் டப்பாவோடு மாமாவும் வந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு விதியைச் சொன்னார். நாட்டு அணிக்கு ஆட பாஸ்போர்ட் மட்டும் போதாது. பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை எந்த நாட்டில் வளர்ந்தானோ, அந்த நாட்டுக்குத்தான் ஆடலாம். காரணம் இருக்கிறது. அந்த ஊரில் பந்தோடு பிறந்து பந்தோடு வளர்ந்தவன், தாத்தா ஊர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, பேக்கரியிலும் லிஃப்ட் குழியிலும் வேலை பார்த்துவிட்டு ஆடுகிறவர்களை மிதித்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே வளர்ந்தவர்கள் ஆடிக் கற்றதை ஆடிக்காட்டத்தான் அந்தப் போட்டி.

"ஒவ்வொருத்தனும் வாயால சொல்லணும். கீழ கையெழுத்துப் போடறது நான். ஒருத்தன் பொய் சொன்னா மொத்தப் பேரும் மூட்டை கட்டிட்டுத் திரும்ப வேண்டியதுதான்," என்றார் மாஸ்டர். "பத்துலேர்ந்து பதினாறு, எங்கடா இருந்தே?"

முதலில் ஊதல் எழுந்தான். பஸ் கண்டக்டர், வாயில் எப்போதும் விசில் இருக்கும், இல்லாவிட்டால் பேச்சு இருக்கும். "ஒம்பதாங்கிளாஸ்ல இருந்தேன் மாஸ்டர். அதுலயே மூணு வருஷம்."

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் சொன்னான், மற்றவர்கள் சொன்னார்கள். ஃபாரின் முறை வந்தது.

"இங்கதான் சார். பதினேழு முடிஞ்சுதான் அங்க போனேன்."

"ஆமாமா, நம்ம வீட்டுப் புள்ள," என்றார் மாமா. ஒரு துளி கூசவில்லை. கேக்கை நீட்டினார்.

அண்ணன் கேக்கை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். அவனுக்குத் தெரியும். பதினொரு வயதில் ஃபாரினை ஏற்றிவிட விமான நிலையத்துக்குப் போனவர்களில் அவனும் ஒருத்தன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுது மூக்கைத் தேய்த்து, கண்ணாடியெல்லாம் சளியாக்கியவன். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருஷமாகக் கேலி செய்திருக்கிறாள்.

கூட்டம் முடிந்தபோது கம்பத்துக்கு முன்னால் நிற்கிற இடம் ஃபாரினுக்குப் போயிருந்தது. அண்ணனுக்கு, யாருக்காவது கால் பிசகினால் இறங்குகிற இடம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். "ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா எனக்குப் பொறந்த வீடு இல்ல, தெரிஞ்சுக்கோ. நீ சொன்னாலும் என்ன சொல்லுவாங்க? பொறாமைன்னுதான்டா சொல்லுவாங்க."

"பொறாமைதாம்மா," என்றான் அண்ணன். "யாரு இல்லன்னா? ஆனா உண்மையும்தானே?"

  அதுதான் அவனைப் பிடித்த பேய். அவன் சொல்ல வேண்டியது நியாயம். சொல்லாவிட்டால் அங்கே போன பிறகு யாராவது கண்டுபிடித்து மொத்த அணியும் அவமானப்பட்டுத் திரும்பும். ஆனால் சொன்னால் அந்த இடம் அவனுக்கே வரும். நியாயத்தை எடுத்துக்கொண்டு மாஸ்டருடைய பேக்கரி வாசல் வரை போவான், கூடவே பொறாமையும் பல்லை இளித்துக்கொண்டு வருவதைப் பார்ப்பான், திரும்பிவிடுவான். இப்படிப் போய்ப் போய் வந்ததில் எங்கள் வீட்டில் ரொட்டிதான் சேர்ந்தது. வாசல் வரை போனவன் ஏதாவது வாங்காமல் எப்படித் திரும்புவது?

வேலையிலும் தடுமாறினான். ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தியவர்களெல்லாம் ஐந்தில் இறங்கினார்கள். ஒரு கிழவர் வேறு யாருடைய வீட்டிலோ செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து டீ கேட்டாராம்.

அடுத்த ஞாயிறு பயிற்சியில் இடைவேளை. எல்லாரும் மரத்தடியில் கால் நீட்டிக் கிடந்தார்கள். மாஸ்டர் பன் பையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து தோன்றியதோ, ஊதல் ஆரம்பித்தான்.

"டேய், நாம எட்டாவது படிக்கறப்போ ஸ்கூலுக்குள்ள கரடி வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

ஒரு நொடி எல்லாரும் முழித்தார்கள். ஊதல் கண்ணடித்ததும் பிடித்துக்கொண்டார்கள். பேச்சுக்குக் கரடி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இவர்கள் நிஜமாகவே ஒரு கரடியை விட்டார்கள்.

"மறக்குமா! சர்க்கஸ்லேர்ந்து தப்பிச்சது!"

"நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குத்தானே போச்சு? தொப்பி போட்டுக்கிட்டு அவர் நாக்காலியில உக்காந்துச்சே!" என்றான் ஊதல்.

"பியூன் அவர்னு நெனச்சு டீ வச்சுட்டுப் போனாரேடா!"

ஃபாரின் சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனும் சிரித்தான். "நான் ரெண்டாவது பெஞ்ச்," என்றான். "ஜன்னல் வழியாப் பாத்தேன். சிவப்புத் தொப்பி."

யாரும் நிறம் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

முதலில் ஊதல் உருண்டான். அப்புறம் மொத்த மரத்தடியும் உருண்டது. அண்ணன் மட்டும் உருளவில்லை. அவனுக்கு இது தெரியாது, அவன் வாய் பாதி திறந்திருந்தது. மாஸ்டரும் சிரிக்கவில்லை. அவர் அதே பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷங்களெல்லாம் தினமும் ரொட்டி போட்டவர். கரடி வந்திருந்தால் அதற்கும் அவர்தான் போட்டிருப்பார்.

"தம்பி," என்றார் மாஸ்டர் மெதுவாக. "எத்தன வயசுல அங்க போனே?"

ஃபாரின் பன்னைக் கீழே வைத்தான். "பதினொண்ணு சார்."

"அப்ப என்னால கையெழுத்துப் போட முடியாதுப்பா."

ஃபாரின் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறும் சாக்ஸோடு மைதானத்தைக் கடந்து போனான். முட்டை மைதானம் ரொம்பப் பெரியது. அவன் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று, எல்லாரும் வேறு எங்கேயாவது பார்க்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே மாமா வந்தார். உட்காரவில்லை. "உன் புள்ள நல்லாப் பழி வாங்கிட்டான்மா. வாயால சொல்லியிருந்தாக்கூட ஆம்பளன்னு ஒத்துக்குவேன். கோமாளி ஆக்கிட்டான்." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து நின்றான், மாமா போன பிறகும் அப்படியே நின்றான்.

இடம் அவனுக்குத்தான் வந்தது. சட்டையும் வந்தது. ஊர் முழுக்க அவனுக்கு 'கரடி' என்று பெயரும் வந்தது. முதுகில் தட்டி, "பெரிய மூளைடா உனக்கு" என்றார்கள். இவ்வளவு வந்தும் அவன் வயிறு குளிரவில்லை. அவன் கம்பத்தைப் பார்த்து உதைத்தான், நான் ஒரு கொடியை ஆட்டினேன். மறுபடி உதைத்தான், மறுபடியும் ஒற்றைக் கொடிதான். "அவனா இருந்தா உள்ள போயிருக்கும்ல?" என்று என்னிடமே கேட்டான். இல்லாதவன்மேல் பொறாமைப்படுவது இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

மாமா குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட்டும் அண்ணன் பொறுப்புதான். அந்த வாரம் அதன் முறை வந்தது. போகாமல் இருக்க முடியாது. மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள். லிஃப்ட்டை நிறுத்தி வைத்திருந்தான், ஏழு மாடியும் ஏறினேன். மொட்டை மாடியில் பேச்சுக் குரல் கேட்டது. அடுத்தவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்பது தப்பு என்பதால் படியில் உட்கார்ந்து வசதியாகக் கேட்டேன்.

மோட்டார் அறை வாசலில் அண்ணன் பிரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே கைப்பிடிச் சுவரில் ஃபாரின்.

"நீ உதைக்கறதப் பாத்து எரிஞ்சேன்டா," என்றான் அண்ணன். "வயிறு திகுதிகுன்னு எரிஞ்சுது. அதுக்காக இப்படி ஆகணும்னு நெனக்கல."

"நீ எரிஞ்சியா?" ஃபாரின் சிரித்த மாதிரி இருந்தது. "அங்க என்ன மூணாவது டீம்லகூட முழு ஆட்டம் ஆட விட்டதில்ல. அங்க என்ன மாதிரி உதைக்கறவன் தெருவுக்கு நூறு பேரு. இங்க வந்தாத்தான் நான் பெரிய ஆளு. அதுக்கும் விதி விடல. எனக்குன்னு ஆட ஒரு நாடு இல்லடா."

அண்ணன் துணியை மடித்து, துடைத்த பிரேக்கையே மறுபடியும் துடைத்தான்.

"நீங்க எல்லாம் ஒருத்தன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சிரிக்கிறீங்க. எதுக்குன்னே எனக்குத் தெரியாது. கூடச் சேர்ந்து சிரிச்சு வைப்பேன். அன்னிக்கு எல்லாரும் கரடி கரடின்னதும், நானும் அங்க இருந்தேன்னு சொல்லணும்போல இருந்துச்சு. சொல்லும்போது நெஜமாவே பாத்த மாதிரிதான் இருந்துச்சு." பிறகு கேட்டான். "அப்படி ஒண்ணு வரவே இல்லையாடா?"

"வரலடா," என்றான் அண்ணன். "வந்திருக்கலாம்."

எனக்குப் படியில் உட்கார்ந்த இடத்தில் என்னவோ தூசி கண்ணில் விழுந்தது. அந்தக் கட்டடத்தைச் சரியாகப் பெருக்குவதில்லை. மூக்கை உறிஞ்சினேன், சத்தம் கேட்டுவிட்டது.

அண்ணன் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு லிஃப்ட்டை ஓட விட்டான். "வா, கீழ விடறேன்" என்றான். இரண்டு பேரும் ஏறினோம். நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கூண்டு ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"என்னண்ணா, மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கிச்சு," என்றான். கைகளைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்தான். "ஊதலுக்குப் பேசத் தெரியும். யோசிக்கத் தெரியாது. அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"எனக்கென்ன தெரியும்? நான் கொடி ஆட்டறவ."

"ஊர் பூரா நான்தான்னு நெனக்குது. மாமாகிட்டயும் ஆமான்னு இருந்துட்டேன். சரி, அது போகட்டும். நான் டீமோட போகத்தான் போறேன், போகாம இருக்க நான் ஒண்ணும் தியாகி இல்ல. ஆனா நீ இப்ப மேல போய், அவன்கிட்ட உண்மைய நேர்ல சொல்லிட்டு வருவே."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவன்மேல எனக்கு என்ன?"

"அவன் வந்ததுலேர்ந்து நான் உன்கூட உக்காந்து ஒரு வேள ஒழுங்காப் பேசிச் சாப்பிடல. அதான்." சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்து மூடினான். "பொறாமையில நீ எனக்கு அக்காடி, வாலு."

கூண்டுக்குள் விசிறி நின்றுவிட்டிருந்தது. நான் மாடி எண் பலகையைப் பார்த்தேன். அதில் எண் எதுவும் இல்லை.

"சும்மா கத கட்டாதண்ணா. சாட்சி இருக்கா?"

"சின்னதுல தூங்காம எனக்கு நீ சொன்ன கதைங்க ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. பூனை வரும், குதிரை வரும், முதலை வரும். எல்லாம் எதையாவது தலையில மாட்டிக்கிட்டுத்தான் வரும்." பொத்தானில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "இப்பச் சொல்லு. கரடிக்கு எதுக்குடி தொப்பி?"